வானம் யாருக்கு?

பெங்களூர் ஜக்கூர் விமானத் திடலில் 1948-இல் தொடங்கப்பட்டது அரசு விமானப் பயிற்சிப் பள்ளி. தனியார் சொத்தல்ல, கர்நாடக அரசின் பள்ளி, மக்கள் வரிப்பணம். அதைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நாமும் உண்டு. தலைக்கு மேலே பறக்கும் பயிற்சி விமானத்தில் நம் பிள்ளைக்கு இடம் உண்டா?

தகுதி வேண்டும் என்பார்கள். பிளஸ் டூ தேறி, மருத்துவச் சோதனையும் உரிமத் தேர்வுகளும் வெல்ல நம் பிள்ளைகளால் முடியாதா? தடை அங்கே இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். மணிக்கு மணி ஆயிரக்கணக்கில் கட்டணம்! சித்தாள் கூலியில் ஆகிற காரியமா?

உதவித்தொகை கேட்கலாமே என்பார்கள். தாழ்த்தப்பட்டவருக்குச் சொந்த மாநிலத்தில் உள்ள சலுகை, குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, நம் உழைப்பு ஓசூர் எல்லையைத் தாண்டலாம். உரிமை தாண்டக் கூடாதாம்!

கன்னடத் தொழிலாளியின் பிள்ளையும் இதே கட்டணத்தின் முன்தான் கைபிசைந்து நிற்கிறான். அவர்களோடு சேர்ந்தே கேட்போம்: அரசுப் பள்ளியில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படட்டும், பூர்வீகத்தைப் பார்த்தல்ல. இது பிச்சையல்ல தோழர்களே, பங்கு!