லாரியில் ஏறும் வீடு

பொள்ளாச்சியில் வீடு மாறுகிறவர்கள் முன்பெல்லாம் யாரையும் தேடிப் போனதில்லை. ஆடியும் மார்கழியும் போகட்டும் என்று காத்திருப்பார்கள். நல்ல நாள் பார்த்து, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் புது வீட்டுக்கு முதலில் போகும். அண்டா, குண்டான்களுக்கு நடுவே வைக்கோலைத் திணித்து மாட்டு வண்டியில் ஏற்றுவார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் கை கொடுப்பார்கள். மத்தியானம் ஒரு சாப்பாடு போட்டால் கணக்குத் தீர்ந்தது. ஊறுகாய் ஜாடி ஒன்று உடைந்தால், அதைச் சொல்லிச் சிரித்தே பத்து வருஷம் ஓட்டிவிடலாம்.

இன்று அப்படி முடியாது. பாங்கி உத்தியோகஸ்தருக்குச் சென்னைக்கு மாற்றல் வருகிறது. வால்பாறையில் காலமெல்லாம் தேயிலை பறித்த குடும்பம், ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சமவெளிக்கு வருகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரப் பங்காளிகளும் ஊரில் இல்லை. ஆகவே, 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று பலகை மாட்டியவர்களைத் தேடுகிறோம். அதில் தப்பில்லை. பீரோவை முனை தட்டாமல் மாடிப்படியில் இறக்குவது ஒரு தொழில். தொழில் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதே நியாயம்.

ஆனால், அந்தக் கூலியைப் பேசும் விதத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மூன்று இடத்தில் போனில் கேட்கிறோம். ஒருவர் 20,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 18,000 என்கிறார். மூன்றாமவர் 9,000 போதும் என்கிறார். மூன்றாமவருக்கே முன்பணம் போகிறது! வீட்டை வந்து பார்க்கவில்லை, கட்டிலை எண்ணவில்லை, எத்தனாவது மாடி என்று கேட்கவில்லை. பிறகு 9,000 என்று எப்படிச் சொன்னார்? நம் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா?

சாமான் ஏறிய பிறகுதான் கணக்கு மாறுகிறது. மாடிக்குத் தனி, குறுகலான தெருவுக்குத் தனி என்று கேட்பார்கள். புது ஊரில் தெருமுனையில் லாரி நிற்கும். இன்னும் 10,000 வந்தால்தான் அதன் கதவு திறக்கும். குழந்தைகள் வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தகப்பனார் சண்டை போடுவார்? கொடுத்துவிடுகிறார்.

சட்டம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக, சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் புதிய சட்டம் செய்தார்கள். 2011 முதல் அது அமலில் இருக்கிறது. வழியில் சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ, அது லாரிக்காரரின் கவனக்குறைவு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நமக்கு இது பெரிய அனுகூலம்.

ஆனால், நஷ்ட ஈடு எவ்வளவு என்று பாருங்கள். அதிகப் பொறுப்புக்கு அதிகக் கட்டணம் என்று எழுத்தில் பேசிக்கொள்ளாவிட்டால், வாடகையைப் போல் பத்து மடங்குதான் வரம்பு. அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. 9,000 ரூபாய் வாடகைக்கு 90,000 ரூபாய். பெட்டிகளில் இருப்பதோ மூன்று லட்சம்! கூலியில் மிச்சம் பிடித்தவர் ஈட்டையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார். 'வம்பு வேண்டாம்' என்று சாமானின் மதிப்பைப் பத்தாயிரம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கிடைக்காது.

ஆகவே, வீட்டுக்கு வந்து பார்த்து விலை சொல்கிறவரிடமே பேசுங்கள். சட்டப்படி பதிவு உண்டா என்று கேளுங்கள். மொத்தத் தொகை, மாடி, தேதி எல்லாம் காகிதத்தில் ஏறட்டும். வால்பாறைப் பக்கம் என்றால், லாரி வீட்டு வாசல் வரை வருமா, வராவிட்டால் சின்ன வண்டிக்கு யார் பணம் தருவது என்பதும் அதில் இருக்க வேண்டும். பெட்டிக்கு நம்பர் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பட்டியலும் லாரி ரசீதும் கைக்கு வராமல் வண்டி நகரக்கூடாது. 'இன்ஷூரன்ஸ்' என்று தனித் தொகை கேட்டால், பாலிசியைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அது வெறும் கூலிதான். நகையும் பத்திரமும் உங்கள் மடியிலேயே வரட்டும்.

சுமை தூக்குகிறவரிடம் மட்டும் கோபப்படாதீர்கள். தொகை பேசியவர் அவரல்ல. அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுங்கள்.

மோசம் போனவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் வருஷத்துச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் ஊரை எல்லைக்குள் கொண்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. லாரிக் கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டாம்.

ஒரு விஷயத்தை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. சாமான் நஷ்டத்துக்கு லாரிக் கம்பெனிமீது வழக்குப் போடுவதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். சேதத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, சாமானைப் புக் செய்த நாளிலிருந்து! வைகாசியில் வீடு மாறுகிறோம். பாதிப் பெட்டிகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் இறக்கிப் பிரிக்கிறோம். அதற்குள் கெடு தாண்டிவிடும்.