ஏ ஷிப்ட் சனிக்கிழமை

போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணினோம். இந்த வாரம் காம்பஸை விட்டுக் கொஞ்சம் வெளியே போகலாம், மக்களே. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு குட்டி குவிஸ். 2022 உலகக் கோப்பை ஃபைனல்ல மெஸ்ஸி எத்தனை கோல் போட்டார்? ‘ரெண்டு’ன்னு தூக்கத்துலகூடச் சொல்வீங்க. சரி, அடுத்த கேள்வி. இந்த வாரம் உங்க அப்பாவுக்கு எப்போ வீக் ஆஃப்?

என்ன, சத்தத்தையே காணோம்?

எங்க ஊர்ப் பசங்க மட்டும் இதுக்குக் கரெக்டா பதில் சொல்வாங்க. எங்க ஊர் காட்டுப்பள்ளி. எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆத்துக் கழிமுகம். நடுவுல துறைமுகம், கப்பல் கட்டுற யார்டு, 2010-ல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைன்னு வரிசையா நிக்கும். சென்னைக்குத் தினமும் 10 கோடி லிட்டர் தண்ணி தர்றதுக்காகக் கட்டின ஆலை அது. இங்கே வீட்டுக்கு வீடு காலண்டர் பக்கத்துல இன்னொரு தாள் தொங்கும். ஷிப்ட் சார்ட்! ஏ ஷிப்ட்னா காலையில 6 டு 2. பி ஷிப்ட் 2 டு 10. சி ஷிப்ட் ராத்திரி 10 டு 6. பொண்ணு பார்க்க வர்றதுல இருந்து காது குத்து வரைக்கும் எல்லா நல்ல காரியத்துக்கும் பஞ்சாங்கத்தோட சேர்த்து அந்தச் சார்ட்டையும் பார்த்துத்தான் நாள் குறிப்பாங்க. சனி, ஞாயிறு எல்லாம் ஸ்கூல் பசங்களுக்கு மட்டும்தான்.

இதுல தமாஷ் என்னன்னா, ஃபுட்பால் மேட்ச்சை சனிக்கிழமை வைக்கிற பழக்கமே ஃபேக்டரி ஆளுங்களுக்காக வந்ததுதான். 1850-ல் இங்கிலாந்துல ஒரு தொழிற்சாலைச் சட்டம் போட்டாங்க. நெசவாலைகள்ல பெண்களும் சின்னப் பசங்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல வேலை பார்க்கக் கூடாது. அவங்க கிளம்பிட்டா மெஷின் எப்படி ஓடும்? ஆம்பளைங்களுக்கும் சேர்த்து லீவு கிடைச்சது. கொஞ்சம் கொஞ்சமா மத்த தொழில்களுக்கும் அந்த அரை நாள் லீவு பரவுச்சு. 2 மணிக்குச் சங்கு ஊதினா, ஒரு வாய் சாப்பிட்டுட்டு 3 மணிக்கு கிரவுண்டுல இருக்கலாம். 1888-ல் 12 டீமோட ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சப்போ அந்தச் சனிக்கிழமையைத்தான் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. டி.வி. வந்து நேரத்தை எல்லாம் கலைச்சுப் போட்ட பிறகும், சனி மூணு மணி மேட்ச் அங்கே இன்னும் இருக்கு.

டீம்களும் அப்படித்தான். ஆர்சனல், பீரங்கி செய்யற ஆயுதத் தொழிற்சாலை ஆளுங்க 1886-ல் ஆரம்பிச்சது. மான்செஸ்டர் யுனைடெட், ரயில் பெட்டி பட்டறை ஆளுங்க ஆரம்பிச்சது. நம்ம சென்னை லீக்ல ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ்னு டீம் இருந்த மாதிரியே! எனக்கு ரொம்பப் பிடிச்சது வெஸ்ட் ஹாம் கதை. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆத்தங்கரையில ‘தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ்’னு ஒரு கப்பல் கட்டுற கம்பெனி. அங்கே வேலை பார்த்தவங்களுக்காக 1895-ல் ஆரம்பிச்ச டீம்தான், 1900-ல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆச்சு. யார்டை 1912-ல் மூடிட்டாங்க. டீம் இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. சின்னத்துல இன்னைக்கும் ரெண்டு சுத்தியல் குறுக்கும் நெடுக்குமா இருக்கும்.

எங்க அப்பா கப்பல் யார்டுல கான்ட்ராக்ட் வெல்டர். இந்தக் கதையைச் சொல்லி, செல்போன்ல அந்தச் சின்னத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது ரிவிட் அடிக்கிற சுத்தியலும்மா. இப்ப இதுக்கு யார்டுல வேலை இல்ல. எல்லாம் வெல்டிங்தான்”ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “கப்பல் கட்டுறவன் டீமா... பரவால்லியே”ன்னு அவருக்கு அவரே சிரிச்சுக்கிட்டார்.

நானும் அப்பாவும் முதன்முதல்ல சேர்ந்து பார்த்த மேட்ச் 2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற தேதி. ஐ.எஸ்.எல். அரையிறுதி, முதல் சுற்று. நேரு ஸ்டேடியத்துல நம்ம சென்னையின் எஃப்.சி.யும் எஃப்.சி. கோவாவும். கோவா லீக்ல முதலிடம் பிடிச்ச டீம். நம்ம ஆளுங்க சீசன் ஆரம்பத்துல கடைசிக்குப் பக்கத்துல தத்தளிச்சு, டிசம்பர்ல ஓவன் காயில் கோச்சா வந்த பிறகு எழுந்து நின்னு, நாலாவது இடம் பிடிச்சு உள்ளே வந்தவங்க. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு.

மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. அப்பாவுக்கு அன்னைக்கு ஏ ஷிப்ட். ரெண்டு மணிக்கு வெளியே வந்துட்டார். (1850 சட்டத்தைப் பார்த்தீங்களா? அதே ரெண்டு மணி!) அம்மாதான், “பொம்பளப் புள்ளைய ராத்திரி நேரத்துல எங்க இட்டுனு போறே?”ன்னு கேட்டாங்க. “நான் கூடப் போறேன் இல்ல?”ன்னு அப்பா சட்டையை மாத்தினார். அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சது. பைக்ல மீஞ்சூர் ஸ்டேஷன். அங்கேயிருந்து மூர் மார்க்கெட் லோக்கல். அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை... மொத்த வட சென்னையும் ஜன்னல்ல ஓடும். சென்ட்ரல்ல இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கமா நடந்தா பெரியமேட்டுல ஸ்டேடியம்.

முதல் பாதியில கோல் இல்லை. சுண்டல் தீர்ந்ததுதான் மிச்சம். ரெண்டாவது பாதியில ஆரம்பிச்சது பாருங்க... 54-வது நிமிஷம் ருமேனியாக்காரர் கோயன். 61-ல் டேராடூன் பையன் அனிருத் தாப்பா. 77-ல் பிரேசில்காரர் எலி சாபியா. உட்காரலாம்னு நினைக்கிறதுக்குள்ள 79-ல் மிசோரம் பையன் சாங்தே. நாலு! கடைசியில கோவா ஒண்ணு திருப்பி அடிச்சது. 4-1. பி ஸ்டாண்ட் பக்கம் மேளச் சத்தம் நிக்கவே இல்லை.

நான் பார்த்தது மேட்ச் பாதி, அப்பா பாதி. வீட்டுல அவர் அதிகம் பேச மாட்டார். யார்டு இரைச்சல்ல வேலை பார்க்கறவங்க பலபேர் அப்படித்தான். வீட்டுக்கு வந்தா அமைதி வேணும். அந்த மனுஷன் மூணாவது கோலுக்கு சீட் மேல ஏறி நின்னு விசில் அடிச்சார்! பக்கத்துல யாருன்னே தெரியாத ஒரு காலேஜ் பையனைக் கட்டிப் பிடிச்சார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும்ங்கிறதே எனக்கு 14 வயசுல, அன்னைக்குத்தான் தெரியும்.

திரும்பி வர்ற ட்ரெயின்ல கூட்டம் கம்மி. பேசிக்கிட்டே வந்தார். சின்ன வயசுல குப்பத்து மணல்ல, வெறுங்காலோட ஆடினது. இவர் டிஃபென்ஸ் ஆடுவாராம். தாத்தா கட்டுமரத்துக்குக் கூப்பிடுவாராம், இவர் பந்தை மணல்ல புதைச்சு வச்சுட்டுப் போவாராம். 2018 மார்ச் 13-ல் இதே ஸ்டேடியத்துல, இதே கோவாவுக்கு எதிரா அரையிறுதியில தனபால் கணேஷ் ஒரு கோல் போட்டாரே, வியாசர்பாடியில வளர்ந்த பையன். அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, இவருக்கு பி ஷிப்ட். டீ பிரேக்ல சின்ன போன்ல ஆறு பேர் தலையை முட்டிக்கிட்டு ஸ்கோர் பார்த்தாங்களாம். “நம்ம ஏரியா பையன் கோல் போட்டான். நாங்க நம்ம ஏரியாவுலதான் இருந்தோம். ஆனா பார்க்க முடியல”ன்னார். வருத்தமா எல்லாம் சொல்லலை. சும்மா சொன்னார்.

வீடு வந்து சேர்ந்தப்போ 12 மணி. மறுநாளும் அவருக்கு ஏ ஷிப்ட். நாலரைக்கு அலாரம். அந்த 4-1-க்கு அவர் கொடுத்த நிஜமான விலை டிக்கெட் காசு இல்லைங்க, தூக்கம்.

அடுத்த சனிக்கிழமை, மார்ச் 7, கோவாவுல நடந்த ரெண்டாவது சுற்றுல 2-4-னு தோத்தோம். ஆனாலும் மொத்தத்துல 6-5. ஃபைனல்! மார்ச் 14-ல் அது நடந்தப்போ கேலரியில ஒரு ஆள் கிடையாது. கொரோனா. காலி ஸ்டேடியத்துல ஏ.டி.கே. 3-1-னு ஜெயிச்சது. அதுக்கப்புறம் ரெண்டு சீசனும் மொத்தமா கோவாவிலேயே நடந்தது. பெரியமேட்டுல கேட் திறந்து ரசிகர்களை உள்ளே விட 2022 அக்டோபர் ஆச்சு. அதுக்குள்ள நான் பிளஸ் டூ. சனி, ஞாயிறு முழுக்க டியூஷன். ‘அடுத்த தடவை போலாம்மா’ங்கிற வார்த்தைக்கு நடுவுல ரெண்டரை வருஷம் ஓடியே போச்சு.

எஞ்சினீயரிங் படிக்கிறோமே, ஒரு கணக்குப் போடலாமேன்னு உட்கார்ந்தேன். 2024-25 சீசன்ல 13 டீம். அப்படின்னா நம்ம டீமுக்கு ஹோம் மேட்ச் 12. பாதி வாரக் கடைசியில வருதுன்னு வைங்க, 6. அப்பாவுக்கு வீக் ஆஃப் வாரத்துல ஒரு நாள், அது சுத்திக்கிட்டே இருக்கும். அது மேட்ச் நாள்ல விழ வாய்ப்பு ஏழுல ஒண்ணு. மீதி ஆறு பங்கு வேலை நாள்ல, மூணுல ஒரு பங்கு ஏ ஷிப்ட். அது ஏழுல ரெண்டு. பி ஷிப்ட், சி ஷிப்ட் சுத்தமா அவுட். மொத்தம் ஏழுல மூணு. ஆறு மேட்ச்சை இதால பெருக்கினா 2.57 வருது. வருஷத்துக்கு ரெண்டரை மேட்ச்.

ரெண்டரைன்னு சந்தோஷப்படாதீங்க. ஏ ஷிப்ட் முடியறப்போ ஓ.டி. கூப்பிட்டா அரை போச்சு. நவம்பர், டிசம்பர்ல எனக்கு செமஸ்டர். சொந்தத்துல ஒரு கல்யாணம், மழை வந்தா ஒரு வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்துல நம்ம டீமோட ஹோம் அரையிறுதியையே புனேவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, தெரியுமில்ல? கழிச்சுப் பார்த்தா நிக்கிறது ஒண்ணு. வருஷத்துக்கு ஒண்ணு. நாலு வருஷக் கோர்ஸ்ல நாலு.

கணக்கு கரெக்ட்டாதான் ஓடுச்சு. முதல் வருஷம் ஒண்ணு போனோம். ரெண்டாவது வருஷம் ஒண்ணு. மூணாவது வருஷம்? 2025 ஜூலையில, அடுத்த சீசனை நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சுட்டாங்க. ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்தற கம்பெனிக்கும் ஒப்பந்தத் தகராறு. மாசக்கணக்குல தள்ளிப் போச்சு. பிளேயர்கள் சம்பளம், கிளப்கள் நிலைமைன்னு பேப்பர்ல நிறைய வந்தது, அது நியாயமான கவலைதான். ஆனா ஷிப்ட் சார்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ஃபிக்ஸ்சர் வருமா வருமான்னு பார்த்துக்கிட்டு இருந்த வீடுகளோட நஷ்டம் எந்தக் கணக்குலயும் வராது.

இனி எனக்கு மீதி ஃபைனல் இயர் மட்டும். அப்புறம் பிளேஸ்மென்ட். பெங்களூரோ, புனேவோ, எங்கே தூக்கிப் போடுவாங்களோ... அப்போ எனக்கும் ஒரு ஷிப்ட் சார்ட் வரும். ரெண்டு சார்ட்டும் ஒத்துப்போற சனிக்கிழமைக்கு எந்த ஃபார்முலாவும் என்கிட்ட இல்லை.

உங்க அப்பா ஷிப்ட் ஆளா இல்லாம இருக்கலாம். பஸ் ஓட்டலாம், கடை வச்சிருக்கலாம், விவசாயம் பார்க்கலாம். அம்மா நர்ஸா இருக்கலாம். விளையாட்டும் ஃபுட்பாலா இருக்கணும்னு இல்லை, கபடியோ வாலிபாலோ எதுவா வேணா இருக்கட்டும். சின்ன வயசுல அவங்க தூக்கத்தை விட்டு நம்மளை எங்கேயோ கூட்டிட்டுப் போனாங்க. இந்த நாலு வருஷம் நம்ம கையில நேரம் இருக்கு. ஃபிரண்ட்ஸோட போற பத்துல ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளி வைங்க.

ஃபிக்ஸ்சர் வந்ததும் முதல்ல சார்ட்டைப் பாருங்க. டிக்கெட்டை நீங்க எடுங்க. மறுநாள் அவருக்கு ஏ ஷிப்ட் இல்லாத தேதியா எடுங்க. ட்ரெயின்ல ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுட்டு, கேளுங்க. அவர் பேசுவார்.