பூட்டு இல்லாத ஜப்பான் கத்தி

மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று பழைய கம்பெனி நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களோடு மல்லுக்கட்டிய மெக்கானிக் என்பதால் கேட்கிறார்கள். ஓவர்லாக் மெஷினுக்குள்ளேயே மேல் கத்தி, கீழ் கத்தி என்று இரண்டு உண்டு. அதில் ஒன்று மழுங்கினாலும் பனியன் ஓரம் கடித்த மாதிரி வரும். அதனால் கூர்மை என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும்.

என்னிடம் இருப்பது ஹிகோனோகாமி என்கிற ஜப்பான் மடக்குக் கத்தி. மெஷின் சர்வீஸ் சொல்லிக்கொடுக்க வந்த ஜப்பான்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு வருஷமாகப் புழங்குகிறேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் கேட்கிற எல்லோருக்கும் இதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

முதலில் கத்தியைப் பற்றி. பித்தளைத் தகட்டையோ இரும்புத் தகட்டையோ இரண்டாக மடித்தால் அதுதான் கைப்பிடி. நடுவில் ஒரு அலகு, ஒரே ஒரு ஆணி. அவ்வளவுதான். ஸ்பிரிங் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். வெட்டும்போதும் அதே விரலை அந்த வாலின் மேலேயே வைத்திருந்தால் கத்தி மடங்காது. பூட்டு செய்கிற வேலையை விரல் செய்கிறது.

இது பிறந்த ஊர் கோபே நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள மிகி. ரம்பம், உளி, இழைப்புளி என்று தச்சுக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். 1876-இல் ஜப்பான் அரசாங்கம் பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு நடப்பதைத் தடை செய்தது. வாளுக்குக் கிராக்கி போனதும் கொல்லர்கள் பலர் வீட்டுக் கத்தி, கருவி என்று திரும்பினார்கள். ஹிகோனோகாமி வந்தது 1890-களில். செய்தது மிகியில் என்றாலும், 'ஹிகோ நாட்டு அதிபதி' என்று தெற்கே க்யூஷூ தீவில் உள்ள சீமையின் பெயரை வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவும் செய்தார்கள். ஒரு காலத்தில் பட்டறை பட்டறையாகச் செய்த இந்தக் கத்தியை, அந்தப் பெயரோடு செய்ய உரிமை உள்ள பட்டறை இன்று மிகியில் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைப் பார்த்துச் செய்த நகல்.

பிடித்த விஷயங்களைச் சொல்கிறேன். அலகு நல்ல கார்பன் எஃகு. உயர்ந்த ரகத்தில் 'நீலக் காகித எஃகு' போடுகிறார்கள். எஃகு நீலமாக இருக்காது, ஆலையில் அதைச் சுற்றி வைத்த காகிதத்தின் நிறத்தால் வந்த பெயர். நடுவில் கெட்டியான எஃகு, இரண்டு பக்கமும் மெதுவான இரும்பு என்று சேர்த்திருப்பார்கள். நம்ம ஊர்க் கொல்லர் அரிவாள் வாயில் மட்டும் எஃகு வைத்து அடிப்பாரே, ஏறக்குறைய அதே யோசனை. சாணை பிடிப்பதும் சுலபம். அலகின் சரிவு அகலமாக இருப்பதால், தண்ணீர் தெளித்த கல்லில் படிய வைத்தாலே கோணம் தானாக வந்துவிடும். பத்து நிமிஷம் தேய்த்தால் காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுக்கும். ஆணி தளர்ந்தால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. கழற்றிப் போட வேறு பாகமே இல்லை. மெக்கானிக்கான எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இனி குறைகள். முதல் குறை துரு. எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், திரும்பி வருவதற்குள் கறுத்திருக்கும். வாழைக்காய்ப் பால் பட்டாலும் அதே கதை. என் வீட்டம்மா, "இத்தனை எவர்சில்வர் கத்தி இருக்கீங்க, இதை எதுக்குங்க தொடச்சுத் தொடச்சு வெக்கிறீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நம் அம்மாக்கள் இரும்பு அரிவாள்மனையை அப்படித்தானே வைத்திருந்தார்கள்? நறுக்கி முடித்ததும் கழுவி, துணியால் துடைத்து, நாலு நாளைக்கு ஒரு தரம் தேங்காய் எண்ணெய் தடவி மூலையில் சாய்த்து வைப்பார்கள். அந்தப் பழக்கம் இருந்தால் இந்தக் கத்தி நிற்கும். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் வீணாகும்.

இரண்டாவது குறை நம்ம ஊருக்கே உரியது. கைப்பிடியின் அடிப்பக்கம் திறந்த பள்ளம். பனியன் கம்பெனிப் பஞ்சு அதற்குள் போய் அடைந்துகொள்ளும். பஞ்சு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். வாரம் ஒரு தரம் ஈர்க்குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தகட்டின் ஓரமும் மெல்லியது. கோன் நூல் மூட்டையையும் அட்டைப்பெட்டி டேப்பையும் நாளெல்லாம் அறுக்கிறவருக்கு உள்ளங்கை வலிக்கும். அந்த வேலைக்குப் பத்து ரூபாய் பிளேடு கட்டரே போதும். பிசிறு வெட்ட டிரிம்மர் இருக்கிறது.

மூன்றாவது குறைதான் பெரியது, பூட்டு இல்லாதது. இழுத்து அறுக்கிற வரை பயமில்லை. தகர டப்பா மூடியில் நுனியைக் குத்தி நெம்பினாலோ, அலகின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ, மடங்கி நம் விரல் மேலேயே வரும். கை நடுக்கம் உள்ளவர்கள், சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்கள் தொடவே வேண்டாம். நம் வயதில் இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

ஆபத்து என்ற பேச்சு ஜப்பானிலும் எழுந்தது, ஆனால் வேறு காரணத்தால். அங்கே இது பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவும் கத்தி. நாம் பாதி பிளேடு வைத்துச் சீவினோமே, அதுபோல. 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமாவை 17 வயதுப் பையன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று நாடு முழுக்க இயக்கம் நடந்தது. அவன் குத்தியது குட்டை வாளால். தண்டனை பென்சில் கத்திக்கு. பிள்ளைகள் கையிலிருந்து அது போனது, பட்டறைகளும் ஒவ்வொன்றாக நின்றன.

நமக்கு இது புதிதில்லை. சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தியில் செய்வது கதிர் அறுக்கவும் விறகு வெட்டவும்தான். சினிமா அந்த ஊர் அரிவாளுக்கு வேறு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. வடக்கே ராம்பூர் கத்திக்கும் இந்திப் படத்தால் அதே கதிதான். மனிதன் செய்த குற்றத்தைக் கருவியின் தலையில் கட்டிவிட்டு, செய்கிறவன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறோம்.

ஆனால் ஜப்பானில் எல்லோரும் கையை எடுத்துவிடவில்லை. நாகானோ மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கத்தியையே கொடுத்துப் பென்சில் சீவப் பழக்குகிறது. எனக்கு அது சரி என்றே படுகிறது. பத்து வயதுப் பேரனுக்கு ஆப்பிள் தோல் சீவித் தெரியாது, கத்தியை எடுத்தாலே வீட்டில் நாலு பேர் அலறுகிறோம். நாளைக்குக் கட்டிங் டேபிளிலோ மெஷினிலோ நிற்கப்போகிற ஊர்ப் பிள்ளைகள் இவர்கள். கூர்மையான பொருளுக்கு எந்த அளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தர முடியாது, பழக்கத்தான் முடியும். பூட்டு உள்ள கத்தி, 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் பார்' என்கிறது. இந்தக் கத்தி அப்படிச் சொல்லாது. அதன் குறையும் அதுதான், அருமையும் அதுதான்.

ஆகவே என் யோசனை இது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய வாங்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், ஆளுக்காள் பதில் சொல்லி மாளாது. துடைக்கச் சோம்பல் இருந்தாலும் வேண்டாம். சாயங்காலம் திண்ணையில் உட்காரப் பொழுதும், பக்கத்தில் உட்காரப் பேரனோ பேத்தியோ இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கத்தியோடு ஒரு சாணைக்கல்லும் ஒரு டஜன் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள்.