புகையும் நமக்கு, வைத்தியச் செலவும் நமக்கா?

விவசாயப் பெருமக்களே!

1962 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். நிலம் கொடுத்தவன் விவசாயி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலிலேயே பொக்லைனை இறக்கினார்கள்.

அந்தப் புகையின் கரியமில வாயு பருவமழையைத் தடுமாற வைக்குது. தூசி நெஞ்சில் இறங்குது. மூச்சிரைப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு நம் தலையில். அந்த ஆஸ்பத்திரிக்கு வருவதும் நிலக்கரி கலந்த கரண்ட்தான். நோய் கூடினால் செலவு கூடுது, செலவோடு புகையும் கூடுது!

ஆரல்வாய்மொழிக் காற்றாலை புகை கக்குவதில்லை. ஆகவே அரசைக் கேட்கிறோம்:

ஆரம்ப சுகாதார நிலையக் கூரைதோறும் சோலார் தகடு வை!

சிறு விவசாயி கிணற்றுக்குச் சோலார் பம்புசெட் கொடு! அதைச் சாக்காக வைத்து, 1990 முதல் எல்லா விவசாயிக்கும் கிடைத்துவரும் இலவச மின்சாரத்தில் கை வைக்காதே!

நிலத்தையும் மூச்சையும் சேர்த்துப் பறிகொடுக்க மாட்டோம். திரண்டு வாருங்கள்!