கண் நகர்ந்தால் குறி நகரும்

காற்றுத் துப்பாக்கியில் குறி பழகும் பையன்கள் நம் பாடியிலும் சிலர் இருக்கிறார்கள். தகப்பனார் செலவைப் பாராமல் துப்பாக்கி வாங்கித் தருகிறார். மாமா ஒருவர் அதன் தலையில் பூட்டுவதற்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை, 'ஸ்கோப்' என்கிறார்களே அதை, பரிசாகக் கொண்டுவருகிறார். அதற்கப்புறம்தான் சனியன் பிடிக்கிறது. வெறுங்கண்ணால் பார்த்துச் சுட்டபோது ஒழுங்காக விழுந்த குண்டு, ஸ்கோப் வந்தபிறகு ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் போகிறது. "ராத்திரி பன்னிரண்டு மணி வரை செல்போனைப் பார்த்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்?" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். செல்போன் விஷயத்தில் நான் தகப்பனார் கட்சிதான். ஆனால் இந்த வழக்கில் பையனுக்காக இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். அந்தக் கண்ணாடி எந்தத் தூரத்துக்கென்று செய்யப்பட்டது என்று அவனைக் கடிந்துகொண்டவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.

முகத்துக்கு நேரே ஒரு விரலை நிறுத்திக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். எதிர்ச் சுவரிலுள்ள காலண்டரின்மேல் விரல் ஓடியாடுவதுபோல் தோன்றும். எழுந்து போய் விரலைக் காலண்டரோடு ஒட்டி வைத்துவிட்டால், தலை எவ்வளவு ஆடினாலும் விரல் அதே தேதியில்தான் நிற்கும். பள்ளிப் புத்தகங்களில் இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். லென்ஸின் குவியத் தூரம் காணும் பரிசோதனையில் ஊசியையும் பிம்பத்தையும் வைத்துக்கொண்டு மாணவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். பாடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முள் ஓடும் நல்ல மீட்டர்களில் முள்ளுக்கு அடியில் ஒரு துண்டுக் கண்ணாடி பதித்திருப்பார்கள். முள் தன் பிம்பத்தைத் தானே மறைக்கும்படி கண்ணை வைத்துப் படித்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

நமக்குப் பிழையாக இருப்பது வானசாஸ்திரிகளுக்கு அளவுகோலாக உதவியது. 1874 டிசம்பர் 9-ந் தேதி சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே சென்றதை உலகத்தின் பல மூலைகளிலிருந்து பார்த்து, இடத்துக்கு இடம் தோன்றும் வித்தியாசத்தைக் கொண்டு சூரியனின் தூரத்தைக் கணக்கிட முயன்றார்கள். அந்த விந்தையை நம் ஜனங்களுக்கு விளக்கிச் சிறு புத்தகம் எழுதியவர், சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவரும் அவரே.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். ஸ்கோப்பின் முன்லென்ஸ் குறியின் பிம்பத்தைக் குழாய்க்குள்ளே விழச் செய்கிறது. உள்ளே சிலுவைக் கோடு ஒன்று நிலையாக இருக்கிறது. பிம்பம் சரியாக அந்தச் சிலுவையின் தளத்தில் விழுந்தால், அது காலண்டரோடு ஒட்டிய விரல். கண் எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஆனால் லென்ஸ் ஓரிடத்தில் நிலைத்திருந்தால், ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் இந்தப் பொருத்தம் அமையும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளில் அதைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, வைத்துவிடுகிறார்கள். நம் பையனோ 10 மீட்டரில் சுடுகிறான்.

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முன்லென்ஸ் 40 மில்லிமீட்டர் அகலமென்றால் அதில் பாதி 20. கண் முழுவதும் ஓரத்துக்குப் போய்விட்டால், 10 மீட்டரில் குறி ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் விலகும். காற்றுத் துப்பாக்கிப் பந்தயக் குறித்தாளில் பத்துக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒன்பதின் வளையம் 5.5 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் தள்ளி விழும் குண்டுக்கு மூன்று மதிப்பெண்தான். கை கல்லைப்போல் அசையாமல் இருந்தாலும் மூன்றுதான்! இது உச்ச அளவு. சாதாரணமாக இவ்வளவு போகாது. இதில் கால்வாசி போனாலே பையன் மனமுடைந்து போகப் போதுமானது.

சோதிப்பது சுலபம். துப்பாக்கியில் குண்டில்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மணல் மூட்டையின்மேல் அசையாமல் கிடத்துங்கள். முதலில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்பக்கத்து வளையத்தைத் திருகிச் சிலுவை கூர்மையாகத் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும். (சூரியனை ஒருபோதும் ஸ்கோப்பில் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.) பிறகு 10 மீட்டரில் தாளை ஒட்டி, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். தலை போகும் பக்கமே சிலுவையும் போனால், ஸ்கோப் தூரத்துக்கென்று அமைந்தது. எதிர்ப்பக்கம் போனால் அதைவிடக் கிட்டத்துக்கு அமைந்தது.

ஸ்கோப்பைத் திறக்குமுன் காலணாப் பெறாத வைத்தியம் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் 10 மில்லிமீட்டர் துவாரமிட்டு, துவாரம் நட்ட நடுவில் வரும்படி முன்லென்ஸின்மேல் தொப்பியாகப் பொருத்துங்கள். அகலம் நாலில் ஒன்றானதும் பிழையும் நாலில் ஒன்றாகிவிடும். மூன்று வாங்கிய குண்டு ஒன்பது வாங்கும். காட்சி மங்கும் என்பது வாஸ்தவந்தான். பகல் வெளிச்சத்தில் அது பெரிய குறையல்ல.

முழுப் பரிகாரம் வேண்டுமென்றால் லென்ஸையே நகர்த்த வேண்டும். பல ஸ்கோப்புகளில் முன்பக்கத்து அலங்கார வளையத்தைக் கழற்றினால், லென்ஸைப் பிடித்திருக்கும் மரையுள்ள வளையம் தெரியும். அதைத் தளர்த்தி லென்ஸைச் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் கொண்டுவந்து, ஒவ்வொரு தடவையும் தலையசைத்துப் பார்த்து, சிலுவை அசைவது நின்ற இடத்தில் இறுக்கிவிட வேண்டும். குவியத் தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நகர்த்த வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. விற்பனையாளர் தந்த உத்தரவாதமும் இதோடு போய்விடும்.

ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி இன்னொரு விதத்திலும் பொல்லாதது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். இதுவோ பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் இழுக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பில் உள்ளே இருக்கும் சிலுவையே தளர்ந்து போவதுண்டு. அப்படிப்பட்ட ஸ்கோப்பில் லென்ஸைத் திருத்திப் பிரயோஜனமில்லை. புதிதாக வாங்குவோர், காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்ததா, 10 மீட்டர் முதல் திருப்பி அமைக்கும் வளையம் உண்டா என்று கேட்டு வாங்குவது நலம்.

பையனுக்குப் பந்தய ஆசை இருந்தால் ஸ்கோப்பே வேண்டியதில்லை. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடையாது, துவாரக் குறிதான். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு மட்டும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தேசத்திலிருந்து சென்ற அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றது இந்தப் பந்தயத்தில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதிலேதான்.

லென்ஸை நகர்த்தத் துணிந்தவர்களுக்கு ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. நல்ல ஸ்கோப்புகளுக்குள் ஈரமில்லாத நைட்ரஜன் வாயுவை அடைத்திருப்பார்கள். திறந்தால் அது போய், நம் ஊர்க் காற்று உள்ளே புகுந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் கொரட்டூர் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது திறந்தால் அந்த ஈரமும் கூடவே புகுந்து, லென்ஸின் உட்புறம் பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். பங்குனி வெயிலில், காற்று உலர்ந்திருக்கும் ஒரு பிற்பகலாகப் பார்த்துச் செய்யுங்கள். முடிந்ததும் குறியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். லென்ஸ் நகர்ந்தபிறகு பழைய குறி நிலைத்திருக்குமென்று நம்புவதற்கில்லை.