போரடித்தது யாருக்கு?

அக்கா மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தால் என் கம்ப்யூட்டர் என்னுடையதாக இருக்காது. போன தடவை வந்தபோது விடிய விடிய யாரோ பிரேசில்காரனுடன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் காபி குடித்தபடி சும்மா கேட்டுவைத்தேன்.

“இந்த ஆன்லைன் கார் ரேஸையெல்லாம் எத்தனை நாளைக்குடா ஆடுவே? சுத்தின இடத்தையே சுத்திக்கிட்டு... போரடிக்காது?”

“மிஞ்சிப்போனா ஒரு வருஷம் மாமா. அப்புறம் அவங்களே மூடிடுவாங்க.”

கவனித்தீர்களா? நான் கேட்டது போரடிக்குமா என்று. அவன் சொன்னது கடையை மூடிவிடுவார்கள் என்று. இரண்டும் ஒன்று என்று அவனை யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். என் சண்டை அந்த ‘யாரோ’வுடன்தான்.

ஒரு ஆன்லைன் ஆட்டத்தை மூடும்போதெல்லாம் காற்றில் ஒரு வாசகம் மிதந்து வரும். ‘ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆர்வம் போய்விட்டது, காலம் மாறிவிட்டது.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கார் பந்தயத்துக்கு இது இன்னும் பொருத்தமாகத் தோன்றும். கதை கிடையாது. வில்லன் கிடையாது. அதே ரோடு, அதே வளைவு, அதே மூன்று சுற்று. எத்தனை நாளைக்கு?

நான் சொல்கிறேன் எத்தனை நாளைக்கு என்று. தென்கொரியாவில் கார்ட்ரைடர் என்று ஒரு ஆட்டம். பொம்மை மாதிரி குட்டிக் குட்டிக் கார்கள். 2004-ல் வந்தது. அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் பிஸி பாங் எனப்படும் கம்ப்யூட்டர் மையங்களில் பள்ளிப் பிள்ளைகள் முதல் ஆபீஸ்காரர்கள் வரை ஆடினார்கள். 2023 மார்ச் 31 அன்றுதான் மூடினார்கள். ஆரம்பத்தில் ஆடிய பள்ளிப் பையன் அதற்குள் பிள்ளைகுட்டிக்காரனாகியிருப்பான். டிராக்மேனியா நேஷன்ஸ் ஃபாரெவர் 2008-ல் இலவசமாக வந்தது. இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஐரேசிங் என்பதும் 2008. இன்றும் ஓடுகிறது. அதுவும் எப்படி? மாதச் சந்தா கட்ட வேண்டும். அதற்கு மேல் பெரும்பாலான கார்களுக்கும் டிராக்குகளுக்கும் தனித்தனியாகக் காசு. உடுப்பி ஓட்டலில் இட்லிக்கு பில் போட்டுவிட்டு, சட்னிக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று என்று பில் நீட்டினால் விடுவோமா? இங்கே வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். ஃபார்முலா ஒன் சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் உட்பட. 2024 மே மாதம் இமோலாவில் நிஜப் பந்தயம் இருந்த அதே வார இறுதியில், இந்த மனிதர் ஐரேசிங்கில் 24 மணி நேர நூர்பர்க்ரிங் பந்தயத்திலும் தன் அணியோடு ஓட்டினார். இரண்டிலும் ஜெயித்தார். போரடித்தவர் செய்யும் வேலையா இது?

ஏன் போரடிப்பதில்லை என்பதுதான் சுவாரஸ்யம். கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மூலை, நாலு குழி. நம் தாத்தா காலத்திலிருந்து அதில் ‘அப்டேட்’ எதுவும் வந்ததாக எனக்குத் தெரியாது. எதிரே உட்காருகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். பந்தயமும் அப்படியே. இத்தாலியில் மோன்ஸா என்று ஒரு டிராக். நீளமான நேர்ரோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து, முடிவில் திடீரென்று ஆளை மடக்குகிற ஒரு குறுகல் வளைவு. கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களோடு ஆடினால் அவை பெரும்பாலும் ஒரே இடத்தில் பிரேக் போடும். பத்து நாளில் மனப்பாடம் ஆகிவிடும். மனிதர்களோடு ஆடிப்பாருங்கள். ஒருவன் பயந்து சீக்கிரமே பிரேக் போடுவான். இன்னொருவன் ‘வர்றது வரட்டும்’ என்று உள்ளே பாய்வான். போன சுற்றில் நீங்கள் தள்ளிவிட்டவன் இந்தச் சுற்றில் உங்களுக்காகக் காத்திருப்பான். ரோடு ஒன்றுதான், ஆனால் நேற்று ஓட்டியது இன்று திரும்ப வராது.

அப்படியென்றால் பாதியில் யாருமே விட்டுவிட்டுப் போவதில்லையா? போகிறார்கள். ஏராளமாகப் போகிறார்கள். நானே போயிருக்கிறேன். ஒரு மொபைல் கார் ஆட்டத்தில் சேர்ந்து, முதல் பந்தயத்தின் முதல் வளைவில் எவனோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து இடித்துச் சுவரில் ஒட்டவைத்தான். அடுத்த பந்தயத்திலும் அதே. மூன்றாவதில் நான் இடித்தேன். நான்காவது இல்லை. எனக்குப் போரடிக்கவில்லை ஐயா, கடுப்பானது. இரண்டும் வேறு.

இதற்கு வைத்தியம் தெரியாமலும் இல்லை. ஐரேசிங்கில் மோதினால் புள்ளி ஏறும். தப்பு யாருடையது என்ற பஞ்சாயத்தே கிடையாது, மோதிய இருவருக்கும் ஏறும். அநியாயமாகத் தெரிகிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் இடிப்பான் என்று தெரிந்தால் நீங்களே ஒதுங்கிக்கொள்வீர்கள். ஒழுங்காக ஓட்டினால் ரூக்கி லைசென்ஸிலிருந்து டி, சி, பி, ஏ என்று மேலே போகலாம். கண்டபடி ஓட்டினால் கீழே இறங்க வேண்டியதுதான். கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் ஓட்டும் திறமைக்கு ஒரு மதிப்பெண், நாகரிகத்துக்கு ஒரு மதிப்பெண். நம் ஊர் ரிங் ரோடுகளில் இதைக் கொண்டுவந்தால் எத்தனை பேருக்கு வண்டி மிஞ்சும் என்று எண்ணிப்பார்த்தேன். வேண்டாம், அது வேறு கட்டுரை.

மாரியோ கார்ட் நேர் எதிர்த் திசையில் போனது. பின்னால் இருப்பவனுக்கு நல்ல ஆயுதம், முன்னால் போகிறவனுக்கு வாழைப்பழத் தோல். எட்டு வயதுப் பெண் அப்பாவை ஜெயிக்கலாம். 2017-ல் வந்த அதன் ‘8 டீலக்ஸ்’ பதிப்பு ஆறு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

ஆக, ஒழுங்கான ஆட்டத்தை அமைத்தால் ஆள் நிற்கிறான். அமைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தினமும் உள்ளே வந்தால் பரிசு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு. இந்த சீசனுக்குள் ஓட்டி முடித்தால் ஒரு கார், விட்டால் அது எப்போது திரும்ப வருமோ. நகைக்கடைச் சீட்டு மாதிரி. ஒரு மாதம் தவறினால் போனஸ் போச்சு. இதில் மாட்டியவன் ஆசையில் ஆடுவதில்லை, கட்டிய தவணை வீணாகுமே என்று ஆடுகிறான். ஒருநாள் ஜுரத்தில் படுத்து ஆட்டம் தவறிவிட்டால் ‘அப்பாடா’ என்று விட்டுவிடுகிறான். உடனே அறிக்கை எழுதிவிடலாம்: ஆடுகிறவர்களின் ஆர்வம் குறைந்தது!

சரி, இப்போது மூடுவிழாவுக்கு வருவோம்.

பிரான்ஸைச் சேர்ந்த யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடத்தில் வைத்திருந்தார்கள். டெட்ராய்ட்டில் கிளம்பி, நிற்காமல் கடல்வரை ஓட்டிக்கொண்டே போகலாம். நண்பர்களோடு போகலாம், தனியாகவும் போகலாம். ஆனால் தனியாகப் போனாலும் கம்பெனியின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆகவேண்டும். (சர்வர் என்றதும் தோசை கொண்டுவருபவர் ஞாபகம் வந்தால் நீங்கள் என் வயது.) காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களுக்கும் இதே விதி.

2018-ல் இரண்டாம் பாகம் வந்தது. 2023 செப்டம்பரில் அதற்கடுத்த ‘மோட்டார்ஃபெஸ்ட்’. அதே 2023 டிசம்பரில் பழைய ஆட்டத்தின் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றோடு அந்த டிஸ்க், டீ கிளாஸ் வைக்கத்தான் லாயக்கு. சிலருடைய கணக்கிலிருந்து ஆட்டத்தின் உரிமமே நீக்கப்பட்டது.

சர்வர் கட்டமைப்பு, உரிமங்கள் தொடர்பான சிக்கல் என்று கம்பெனி காரணம் சொன்னது. உரிமச் சிக்கல் நிஜமானதுதான். காரின் பெயர், உருவம், ரேடியோவில் ஓடும் பாட்டு எல்லாவற்றுக்கும் பல வருட ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் விற்க முடியாது. ஆனால் புதிதாக விற்க முடியாது என்பது வேறு, விற்றதைப் பிடுங்குவது வேறு. 2018-ன் ஃபோர்ஸா ஹொரைசன் 4 ஆட்டத்தையும் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களை அதற்காக இறக்கிவிடவில்லை.

நான் படித்தது பி.காம். எனக்குக் கார் இன்ஜினைவிடக் கணக்குப் புத்தகம் நன்றாகப் புரியும். ஆட்டத்துக்கான பணம் முதல் நாளே மொத்தமாக வந்துவிடுகிறது. சர்வர் செலவோ மாதாமாதம். பத்தாவது வருடத்தில் ஆடுகிறவன், மானேஜர் பார்வையில் வெறும் செலவு. அது மட்டுமல்ல, பழைய ஆட்டத்தில் சந்தோஷமாக இருக்கிறவன் புதிய ஆட்டத்தை ஏன் வாங்கப்போகிறான்? புதுச் சரக்குக்கு ஒரே போட்டி, சொந்தக் கடையின் பழைய சரக்குதான். ‘தி க்ரூ’வை இதற்காகத்தான் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு ஆசை எந்த மானேஜருக்கும் வரும் என்கிறேன். அந்த ஆசைக்கும் ஆடுகிறவனின் போருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“அதுக்காக ஒரு கம்பெனி ஆயுள் முழுக்க சர்வர் ஓட்டணுமா சார்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. வேண்டாம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. ‘தி க்ரூ’ மூடப்பட்டதும் ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் கிளம்பும்போது வீட்டை இடித்துவிட்டுப் போகாதீர்கள். தனியாக ஆடும் வசதியைக் கொடுங்கள், அல்லது நாங்களே சர்வர் நடத்திக்கொள்ள வழிவிடுங்கள். ஐரோப்பிய யூனியனில் இதற்கான கையெழுத்து 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. சட்டத்தை மாற்றும் உத்தேசம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது, அது வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்து டிஜிட்டல் சரக்கு விற்பவர், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏமாற்றாதே என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏமாற்று என்கிறது.

ஆட்டம் தயாரிப்பவர்களின் ஐரோப்பிய சங்கம், தனியார் சர்வர்களால் பாதுகாப்புக்கு ஆபத்து, செலவு தாங்காது என்று வாதாடுகிறது. பாதுகாப்பு வாதத்தை முழுக்கத் தள்ள முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோனியின் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் 2024 ஜனவரி 31-ல் ஆன்லைன் சேவையை நிறுத்தியபோது, வாங்கியவர்கள் தனியாக ஆட வசதியாக மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் போனது. அங்கே முடிந்தது. அதைவிட வேடிக்கை, இத்தனை ரகளைக்குப் பிறகு யூபிசாஃப்ட்டே ‘தி க்ரூ’வின் இரண்டாம் பாகத்துக்கு இணைப்பில்லாமல் ஆடும் வசதியை 2025-ல் கொடுத்தது. ஆக, முடியும். நான் மேலே புகழ்ந்தேனே, 2008-லிருந்து ஓடும் டிராக்மேனியா? அதுவும் இன்று இதே யூபிசாஃப்ட் குடும்பம்தான். அதில் ஆடுகிறவர்களே டிராக் கட்டலாம், ஆடுகிறவர்களே சர்வர் நடத்தலாம்.

வழிவிடாத இடத்தில் என்ன நடக்கிறது? நீட் ஃபார் ஸ்பீட் வேர்ல்ட் 2010-ல் வந்து 2015-ல் மூடப்பட்டது. ரசிகர்கள் சொந்தமாக சர்வர் கட்டி மறுபடி ஓட்டினார்கள். வீ பெட்டியில் வந்த மாரியோ கார்ட்டின் இணைய சேவையை 2014 மே மாதம் நின்டெண்டோ நிறுத்தியது. ரசிகர்கள் உடனே தங்கள் சர்வருக்கு மாறிவிட்டார்கள். செத்ததாகச் சொல்லப்பட்ட ‘தி க்ரூ’வையும் விடவில்லை. சிலர் ராப்பகலாக உட்கார்ந்து, அந்த சர்வர் என்ன பேசியிருக்கும் என்று துப்பறிந்து, அதேபோல் பேசும் ஒன்றைச் செய்தார்கள். 2025 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். பதினோரு வருடப் பழைய ஆட்டம். சம்பளம் கிடையாது. கார்கள் மறுபடி டெட்ராய்ட்டில் கிளம்பின.

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். “ஓ” என்றான். போன வாரம் அவனே கூப்பிட்டான். புதிதாக ஒரு கார் கேம், அறுபது பர்சென்ட் தள்ளுபடி, இன்று ராத்திரியோடு முடிகிறது, ஜிபே பண்ண முடியுமா மாமா?

“நெட் இல்லாம ஓடுமாடா அது?”

“தெரியல மாமா. பார்த்துட்டுச் சொல்றேன்.”

இதுவரை கூப்பிடவில்லை.