ஆருடக்காரர்களுக்கு

சமூகம் நாளைக்கு எங்கே போகும்னு முன்கூட்டிச் சொல்வதுதான் சமூக விஞ்ஞானமாம். சரி, சொன்னார்களா?

ரயிலும் அதன் பின்னால் வரும் ஆலைத்தொழிலும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853ல் மார்க்ஸ் எழுதினார். சாதி நிற்பது அந்தப் பிரிவினைமேல்தானே. 1904ல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. சாதியும் டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

1981 பிப்ரவரி 19. அச்சன்புதூர்ப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. எந்தப் பேராசிரியரின் அட்டவணையில் இருந்தது இது? நடந்து முடிந்த பிறகு 'அரபுப் பணம்' என்றார்கள். பணம்தான் காரணம்னா படித்தவனும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனும் ஏன் போனான்? பசித்த ஊர்களெல்லாம் ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்கு நிற்காத காரணம் விளக்கமல்ல, வசவு.

மழையைக் கணித்தால் மேகத்துக்குக் காது கிடையாது. மனுசனுக்கு இருக்கு. கேட்பான், கேட்டு மாத்திச் செய்வான். எதிரிக்கும் காது உண்டு: 'நாளைக்கு எல்லாச் சேரியும் மாறிடும்' என்ற ஆருடத்தைக் காட்டித்தானே விசுவ இந்து பரிஷத் ஊர் ஊராய்க் கிளம்பியது!

1935ல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்றார் அம்பேத்கர். 1956ல் நாக்பூரில் பௌத்தரானார். அது கணிப்பல்ல தோழர்களே, முடிவு. இருபத்தோரு வருசம் கையில் வைத்திருந்த முடிவு.

தலித் ஓட்டு எந்தப் பக்கம் சாயும்னு தேர்தலுக்குத் தேர்தல் படிவத்தோடு சேரிக்கு வருகிறார்கள். அடுத்த முறை வந்தால், தேநீர்க்கடையில் ரெட்டைக் குவளை எந்த வருசம் ஒழியும்னு கணிச்சுச் சொல்லச் சொல்லுங்கள்.